ஐம்பதாவது நாற்காலி

2020-ஆம் வருஷம் ஆவணி மாதம். என் சிநேகிதியின் தங்கைக்குக் கல்யாணம். கொள்ளை நோய் ஊரெங்கும் பரவியிருந்த சமயம். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, ஆயிரத்திருநூறு பேர் வந்து, ரசத்தை விளாவிச் சமாளித்துப் பழகிய குடும்பத்துக்கு 50 என்றால் எப்படி இருக்கும்! ஒரு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து, பெயர் எழுதுவதும் அடிப்பதுமாக, இரண்டு மனஸ்தாபங்களுக்குப் பிறகு ஜாபிதா தயாராயிற்று. சரியாக 50 பேர்.

அதற்குப் பிறகுதான் மண்டபத்து மானேஜர் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்றார். மணமேடை, நடைவழி எல்லாம் போக நாற்காலி போட மிஞ்சிய இடம் அகலம் 39 அடி, நீளம் 40 அடி. ஒரு நாற்காலியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஆறடி விட்டால் ஒரு வரிசைக்கு 7 நாற்காலி. அப்படி ஏழு வரிசை. எட்டாவது வரிசைக்கு 42 அடி நீளம் வேண்டும், இரண்டடி குறைகிறது. ஆக, ஏழேழு 49.

ஐம்பதாவது ஆள் யார்?

"நான் வீட்டிலேயே இருந்துக்கறேன் தம்பி. போனிலே காட்டுவாங்களாமே, பார்த்துக்கறேன்" என்றார் சிநேகிதியின் அத்தை. கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு அக்கா. இருபது வயதில் கணவரை இழந்தவர். எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டும் நேரத்தில் சமையலறை வாசல் ஓரமாகவே நின்று பழகியவர். "அதெல்லாம் முடியாது அக்கா" என்று யாரும் சட்டென்று சொல்லிவிடவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். எல்லாரும் கொஞ்ச நேரம் அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் நான் 49 புள்ளி வைத்து மண்டபத்தைப் படமாகப் போட்டிருந்தேன். அத்தை அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நேர்ப்புள்ளியா வெச்சிருக்கே? ஊடுபுள்ளியா வெச்சா வரிசை கிட்ட வருமே!"

வாசலில் கோலம் போடுகிற வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போடாதவர்களுக்காகச் சொல்கிறேன். புள்ளிக் கோலத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழேயே அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால் நேர்ப்புள்ளி. மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, சந்தில் வருமாறு வைத்தால் ஊடுபுள்ளி. சில வீடுகளில் சந்துப்புள்ளி, இடைப்புள்ளி என்பார்கள். "ஏழு புள்ளி, நாலு வரை" என்று கோல நோட்டுகளில் எழுதியிருக்குமே, அது இந்த இரண்டாவது ஜாதி. நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. ஓரத்தைச் சேர்த்துக் கோடு இழுத்தால் அழகான அறுகோணம்.

அத்தை சொன்னபடி நாற்காலிகளைப் போட்டுப் பார்ப்போம். முதல் வரிசையில் 7. இரண்டாம் வரிசையை மூன்றடி பக்கவாட்டில் நகர்த்தினால் ஒவ்வொரு நாற்காலியும் முன்னால் இருக்கும் இரண்டுக்கு நடுவே விழும். 39 அடி அகலம் இருப்பதால் அந்த வரிசையிலும் 7 பிடிக்கிறது. இப்போது வரிசைக்கு வரிசை ஆறடி விட வேண்டியதில்லை. குறுக்கே போகும் தூரம்தானே ஆறடி இருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் பிதாகோரஸ் என்று ஒருவர் நம்மைப் பாடாய்ப் படுத்தினாரே, அவர் இங்கே உதவிக்கு வருகிறார். ஆறின் வர்க்கம் 36, மூன்றின் வர்க்கம் 9, கழித்தால் 27, அதன் வர்க்கமூலம் சுமார் 5.2. ஐந்தேகால் அடி விட்டால் தாராளம். எட்டு வரிசைக்கு நடுவே ஏழு இடைவெளி. ஏழு ஐந்தேகால் முப்பத்தாறே முக்கால் அடி. நாற்பதுக்குள் அடக்கம்!

எட்டேழு 56. யாருக்கும் யாருக்கும் ஆறடிக்குக் குறைவில்லை. மானேஜர் மறுபடி நாடா போட்டு அளந்தார்; மூலைக்கு மூலை அளந்தார்; பிறகு பேசாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

இதில் உள்ள சூட்சுமம் என்ன? மனிதர்களைச் சம தூரத்தில் வைப்பது கேட்க எளிதாகத் தோன்றும். இரண்டு பேர் என்றால் பேச்சே இல்லை. மூன்று பேர் என்றால் அடுப்புக் கல் மூன்று மாதிரி நிறுத்திவிடலாம்; யாரிடமிருந்து யாரை அளந்தாலும் ஒரே தூரம். நாலாவது ஆள் வந்தாரோ, போச்சு! நாலு பேரைத் தரையில் எப்படி நிறுத்தினாலும், எல்லாரும் எல்லாருக்கும் சம தூரத்தில் இருக்கவே முடியாது. சதுரமாக நிறுத்தினால் எதிர்மூலைக்காரர் அதிகத் தூரம் போய்விடுவார். நாலாவது ஆளை மூவருக்கும் நடுவே அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால்தான் உண்டு. மூன்று எலுமிச்சம்பழத்தின் மேல் நாலாவதைக் குந்த வைக்கிறோமே, அந்த மாதிரி.

ஆகையால் எல்லாருக்கும் சமம் என்பதைக் கைவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்காவது சமம் என்று இறங்கி வர வேண்டியிருக்கிறது. நேர்ப்புள்ளியில் ஒருவருக்குச் சம தூரத்தில் நாலு அண்டை வீட்டார். ஊடுபுள்ளியில் ஆறு. ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை மேஜையில் வைத்து, அதைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் அதே நாணயங்களை வையுங்கள். ஆறு கச்சிதமாகப் பொருந்தும்; ஏழாவதற்கு இடமில்லை. தாம்பாளத்தில் வடையை நெருக்கி அடுக்கும்போது உங்கள் கை தானாகவே செய்வதும் இதுதான். பெரிய மைதானமாக இருந்தால், நேர்ப்புள்ளியில் 100 பேர் நிற்கும் இடத்தில் ஊடுபுள்ளியில் சுமார் 115 பேர் நிற்கலாம். அந்த 2020-இல் பல ஊர்களில் காய்கறிச் சந்தையைப் பஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் மாற்றிச் சுண்ணாம்பில் கட்டம் போட்டார்கள் அல்லவா? நான் பார்த்த கட்டமெல்லாம் சதுரமாகவே இருந்தது.

ஊடுபுள்ளியை மிஞ்ச வேறு ஒழுங்கே இல்லையா என்று கேட்பீர்கள். கணித மேதைகளும் அதைத்தான் கேட்டார்கள். ஒழுங்கான புள்ளி வரிசைகளுக்குள் இதுவே சிறந்தது என்று லக்ராஞ்ச் 1773-இல் காட்டினார். ஒழுங்கில்லாமல் எப்படி இறைத்தாலும் இதை மிஞ்ச முடியாது என்பதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க, 1940-களில் ஹங்கேரிக்காரரான லாஸ்லோ ஃபெயஷ் டோத் வர வேண்டியிருந்தது. தரையை விட்டுப் பழக்கடைக்காரரின் ஆரஞ்சுக் குவியலுக்குப் போனாலோ இன்னும் மோசம். அவர் அடுக்கும் விதத்துக்கு மேல் நெருக்கமாக அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-இல் சொன்னார். தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கர் அதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டதாக அறிவித்தது 1998-இல்! இதே கேள்வியை நம் கண்ணுக்கு எட்டாத எட்டுப் பரிமாண வெளியில் தீர்த்தவர் ஒரு பெண்மணி. உக்ரேன் நாட்டுக் கீவ் நகரில் பிறந்த மரீனா வியாஸோவ்ஸ்கா. 2016-இல் தீர்த்தார், கணிதத்தின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் 2022-இல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற பெண்களில் அவர் இரண்டாமவர்.

ஊடுபுள்ளியே எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்து வீட்டு ஹாலில் இறங்கிவிடாதீர்கள். முப்பதடிக்கு முப்பதடி இடத்தில் ஆறடி விட்டு நேர்ப்புள்ளி வைத்தால் 36 பேர். ஊடுபுள்ளி வைத்தாலோ ஒன்று விட்டு ஒரு வரிசையில் ஒருவர் குறைந்து, மிச்சப்படும் நீளமும் இன்னொரு வரிசைக்குப் போதாமல், 33 பேர்தான்! சின்ன இடத்தில் சுவர்தான் எஜமான். சதுரமான இடத்தில் 36 பேருக்கு நேர்ப்புள்ளியைவிடச் சிறந்த ஒழுங்கு கிடையாது என்று நிரூபித்தே இருக்கிறார்கள். அதுவே 49 பேராகிவிட்டால் நேர்ப்புள்ளி தோற்றுவிடுகிறது. அத்தையின் மண்டபத்திலும் அந்த உபரி மூன்றடி அகலம் இல்லாதிருந்தால் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆறடி என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்கர், 1966-இல் வெளிவந்த தம் புத்தகத்தில், நாலடி முதல் பன்னிரண்டடி வரை உள்ளதைச் 'சமூக தூரம்' என்று வகுத்தார். 2020-இல் 'சமூக இடைவெளி' என்ற வார்த்தை நம் ஊர்த் தண்டோராவிலும் கேட்டது. எனக்கு அந்த வார்த்தை தொண்டையில் இறங்கவே இல்லை. யார் யாரைக் கண்டால் எத்தனை அடி விலக வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த தேசம் இது. அந்தக் கணக்கில் விலகியவர் எப்போதும் ஒரே பக்கத்து ஆள். உலக சுகாதார நிறுவனம்கூட அந்த ஆண்டு மார்ச்சிலேயே 'உடல் இடைவெளி' என்று வார்த்தையை மாற்றிக்கொண்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உத்தரவுப்படி 50 பேர்தான். மிஞ்சிய ஆறு நாற்காலிகளில் ஒன்றில் சீர்த் தட்டும், இன்னொன்றில் போட்டோக்காரரின் பையும் உட்கார்ந்திருந்தன.

அத்தைக்கு இரண்டாவது வரிசையில் மூன்றாவது நாற்காலி. தாமாகவே கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தவரை, "இங்கே எந்த நாற்காலியிலே உட்கார்ந்தாலும் ஆறடிதான் அத்தை!" என்று கல்யாணப் பெண்ணே மேடையிலிருந்து குரல் கொடுத்து உட்கார வைத்தாள். ஊடுபுள்ளி வரிசையில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. இரண்டு தலைகளுக்கு நடுவே பார்வை நேராகப் போகும். கெட்டிமேளம் கொட்டியபோது முன்வரிசைக்காரர்கள் அட்சதையோடு எழுந்துவிட்டார்கள். அத்தை உட்கார்ந்தபடியே, முகமூடிக்கு மேல் மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, தாலி முடிச்சு மூன்றையும் எண்ணினார்.