வளைகாப்புக்கு முன்னே



சென்ற மாதம் நம் ஆலய மண்டபத்தில் ஒரு வளைகாப்பு நடந்தது. கலந்த சாதங்கள், கை நிறைய வளையல், மனம் நிறைந்த வாழ்த்து. "இனிமேல் நல்லா சாப்பிடும்மா, பிள்ளைக்கு மூளை வளரணும்" என்றார் ஒரு மூதாட்டி. பந்திங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் நான். அம்மூதாட்டி சொன்னது சரியே. ஆனால் ஏழு மாதம் தாமதம்.

கருவின் மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு சிறு தகடாகத் தோன்றி, சுருண்டு, குழாயாக மூடிக்கொள்கின்றன. கருத்தரித்த 28 நாட்களுக்குள் இது முடிந்துவிடும். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி மாமியார் காதுக்கு எட்டுமுன்பே குழாய் மூடியிருக்கும். அல்லது மூடாமல் போயிருக்கும். அதற்கு வேண்டிய சத்து போலிக் அமிலம். இக்குறையுள்ள பிள்ளையை முன்பு கருத்தரித்த தாய்மார்கள், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே அம்மாத்திரையை உட்கொண்டால், குறை திரும்ப வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1991-இல் அறிவித்தது.

இச்சத்தின் கதை இந்தியத் தாய்மார்களிடம்தான் தொடங்கிற்று. 1928-இல் இந்தியா சென்ற லூசி வில்ஸ் என்னும் அம்மையார், பம்பாய்த் துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடும் சோகையை ஆராய்ந்தார். நம்மூர்க் கடைகளில் இன்றும் விற்கும் மார்மைட் அவர்களைத் தேற்றியது. அதிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது. 1941-இல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் பெயர் வைத்தார்கள்.

அந்தக் கீரையைத்தான், என் மனைவி தலைப்பிள்ளையைச் சுமந்தபோது, குளிர்ச்சி என்று என் தாயார் விலக்கி வைத்தார். எல்லாரும் உண்டபின் மிச்சத்தை அவள் உண்டாள். நானும் வாய் திறக்கவில்லை, படித்த வாத்தியார்! ஐந்தாம் மாதம் மிசி அவள் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே" என்று என்னைத்தான் முறைத்தார்.

பிரகலாதன் கருவிலேயே நாரதர் உபதேசம் கேட்டான் என்போம். சிசுவின் செவி ஏறக்குறைய ஆறாம் மாதத்தில்தான் கேட்கத் தொடங்குகிறது. சோறு அதற்கு முன்பே வேண்டும்.

நல்ல காற்றும் வேண்டும். 2005 ஆகஸ்ட் 11-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவித்தார்களே, நினைவிருக்கும். தாய் சுவாசிக்கும் கரித்துகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் மூளைவரை போவதை 2022-இல் ஆய்வாளர்கள் கண்டனர். காட்டுத்தீயை நாம் அணைக்க முடியாது. கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட்டை அணைக்கலாம்.

திருமணப் பதிவுக்கு ஆலயத்திற்கு வரும் மணமக்களிடம், தாய்சேய் நல கிளினிக்கில் போலிக் அமில மாத்திரை பற்றி இப்போதே கேளுங்கள் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். அதனால் மாப்பிள்ளையின் தாயாரையும் உடன் அழைத்து வரச் சொல்கிறேன்.