கோடைக் காவிரியில் பெருமீன்

சித்திரை வெயில் ஏறியதும் பெங்களூர்த் தமிழன்பர் சிலருக்குக் காவிரியும் தூண்டிலும் நினைவுக்கு வந்துவிடும். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீமேசுவரிப் பகுதி, மகசீர் என்னும் பெருங்கெண்டைக்குப் பேர்போனது. 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், காவிரியின் துணையாறாகிய கபினியில், மைசூர் வான் இங்கன் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு!

கோடையில் ஆறு வற்ற, மீன்கள் மடுக்களிலும் பாறையிடை விரைநீரிலும் ஒதுங்கும், எளிதில் அகப்படும். ஆயின், நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறையும் என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 பாகையிலோ சுமார் 7.5தான். நெடுநேரம் போராடிக் களைத்த மீனை இரக்கப்பட்டுத் திரும்ப விட்டாலும், அது மூச்சுத் திணறி மாளக்கூடும்.

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர், அழிவின் விளிம்பிலுள்ள இனமென 2018இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தில் அனுமதியின்றித் தூண்டில் இடுதல் குற்றமும் ஆகும். ஆகவே அதனைக் கண்ணால் கண்டு களிப்பதே நமக்கு அழகு. பிற நீர்நிலைகளில் அனுமதி பெற்றுத் தூண்டில் இடுவோர், விடியற்காலையில் வலுவான நரம்பைக் கொண்டு விரைவில் மீனைக் கரைசேர்ப்பாராக. திருப்பி விடுவதாயின், நீரைவிட்டு எடுக்காமலே விடுவாராக. நம் பிள்ளைகள் காணவும் பெருமீன் எஞ்ச வேண்டுமன்றோ?