மண்ணைச் சுட்டு எடை போட்டால்...

"எங்க கேரட் வயலு மண்ணு கருகருன்னு இருக்கு. இதுக்கு எதுக்குங்க தொழு உரம்?" ஊட்டிப் பக்கம் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. நிறத்தை மட்டும் நம்பலாமா?

மண்ணில் மக்கு எவ்வளவு என்று அறிய ஒரு வழி, சுட்டு எடை போடுவது. மண்ணை 105 டிகிரி செல்சியஸில் காயவைத்து எடை போடுவார்கள். பிறகு மின் உலையில் 550 டிகிரியில் சில மணி நேரம் சுடுவார்கள். மக்கு எரிந்துபோகும். 10 கிராம் மண் 9 கிராம் ஆனால், இழப்பு 10 சதவீதம்.

எண்ணெய் தேடுகிறவர்களும் படிவுப் பாறையை இப்படித்தான் சோதிக்கிறார்கள். காற்றில்லாமல் சூடேற்றி, எந்த வெப்பத்தில் எவ்வளவு ஆவி வருகிறது என்று பார்ப்பார்கள். பழங்கால உயிர்ப்பொருள் எவ்வளவு, எந்தளவு முதிர்ந்தது என்பது அதில் தெரியும். மண்ணிலும் அப்படியே: புது இலைதழை குறைந்த சூட்டிலேயே எரியும், முதிர்ந்த மக்குக்குக் கூடுதல் சூடு வேண்டும்.

ஆனா நம்ம மலையில ஒரு சிக்கல் இருக்கு. பெருமழையில் பாறை சிதைந்து உண்டான நீலகிரிச் செம்மண்ணில் கிப்சைட் என்ற கனிமம் உண்டு. சுமார் 300 டிகிரியிலேயே அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுவிடும். அந்த இழப்பையும் மக்கு என்று எண்ணினால் கணக்கு தப்பும். ஆகவே ஆய்வகத்தில் "எந்த முறையில பார்த்தீங்க?" என்று கேளுங்கள். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் மண் எடுத்து, ஒரே முறையில் சோதித்து ஒப்பிடுங்கள்.

மக்கின் உண்மையான கருவூலம் மேல்மலைச் சதுப்புகள். நீர் தேங்கி காற்று புகாததால் செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து 'பீட்' ஆகின்றன. அதன் கரிமத்தை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுகால ஈரமும் வறட்சியும் மாறிய கதையை சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் என்ன ஆகும்? காற்று புகும், நுண்ணுயிர்கள் மக்கைத் தின்று கரியமில வாயுவாக்கும். உலை எரிப்பதைத்தான் அவை மெதுவாகச் செய்கின்றன. ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது நம் காலத்திலேயே கரைந்துவிடும். சதுப்பை வடிக்காதீங்க, வயலில் சருகை எரிக்காதீங்க, மூடாக்கா போடுங்க.