நெப்பந்தசு காசியானா

நெப்பந்தசு காசியானா என்பது மேகாலயாவின் காசி, செயிந்தியா, காரோ மலைகளில் இயற்கையாக வளரும் பூச்சியுண்ணும் ஏறுகொடி ஆகும். குடுவைச்செடிகள் எனப்படும் நெப்பந்தசுப் பேரினத்தில் இந்தியாவில் காணப்படும் ஒரே இனம் இதுவாகும். காரோ மக்கள் இதனை மெமாங் கொக்சி என்பர். இதற்குப் "பேயின் கூடை" என்பது பொருள். இப்பேரினத்தின் மற்றோர் இனமான நெப்பந்தசு டிசுட்டில்லட்டோரியா இலங்கைக்கு மட்டுமே உரியது.

இலையின் அமைப்பு

இதன் குடுவை மலர் அன்று. இலையின் ஒரு பகுதியாகும். இலைபோலத் தோன்றும் பச்சைப் பரப்பு, இலையடி விரிந்து உண்டானது. அது பற்றுக்கம்பியாக நீண்டு, கொடி ஏறுவதற்கு உதவுகிறது. கம்பியின் முனையில் இலைத்தாள் குடுவையாகவும், இலைநுனி மூடியாகவும் மாறியுள்ளன. தேனால் ஈர்க்கப்படும் பூச்சிகள் விளிம்பில் வழுக்கி, உள்ளிருக்கும் நீர்மத்தில் விழுந்து செரிக்கப்படுகின்றன. பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்வதில்லை. மழைநீர் புகுவதைக் குறைப்பதே அதன் பணி. வளம் குறைந்த மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை இத்தாவரம் இவ்வாறு பெறுகிறது.

வளர்ப்பு

குடுவைச்செடிகளுக்கு உரமிட்ட தோட்டமண் ஏற்றதன்று. நீர்ப்பாசி, தேங்காய் மட்டைத் துண்டுகள் போன்ற, நீர் தேங்காத கலவையே தேவை. உப்பு மிகுந்த நிலத்தடிநீர் வேரைப் பாதிக்கும்; மழைநீர் சிறந்தது. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இலைகள் வளர்ந்தாலும் குடுவைகள் தோன்றுவதில்லை. எனவே நெய்வேலி நகரியம் போன்ற சமவெளி ஊர்களில் கோடைக்காலமே இவற்றை வளர்ப்பதற்குக் கடினமான பருவம். வடகிழக்குப் பருவமழையில் சேமித்த நீரும், வெயிலை வடிகட்டும் நிழல்வலையும் அப்போது பயன்படும்.

ஆயினும் நெப்பந்தசு காசியானாவை விரும்பியவாறு வளர்க்க இயலாது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இதனை வளர்க்க உரிமம் பெறவேண்டும். செடி விற்பனையகங்களில் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களின் கலப்புகளாகும்.

பாதுகாப்பு நிலை

நிலக்கரி, சுண்ணாம்புக்கல் அகழ்வு, காடழிப்பு, செடிகளைப் பிடுங்கி விற்றல் ஆகியவற்றால் இது அருகிவரும் இனமாகியுள்ளது. ஆண், பெண் மலர்கள் தனித்தனிச் செடிகளில் பூக்கின்றன. ஆகையால் ஓரிடத்தில் சில செடிகளே எஞ்சினால், அவை உயிருடன் இருந்தும் விதை உண்டாகாமல் போகலாம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. தெற்கு காரோ மலை மாவட்டத்தின் பாகமாராவில் இதற்கெனத் தனிச் சரணாலயம் உள்ளது.