நினைவகத் தரவுத்தளமும் வணிகக் கணிமைத் திறன்களும்: ஹானாவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிறுவனங்களின் தரவுகளை வன்தட்டில் வைத்து, வேண்டும்போது நினைவகத்திற்குக் கொண்டுவந்து கணிப்பதே நெடுங்கால நடைமுறை. தரவு முழுவதையும் முதன்மை நினைவகத்திலேயே வைத்துக் கணிக்கும் தொழில்நுட்பம் இந்நடைமுறையை மாற்றியுள்ளது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் உருவாக்கிய ஹானா தரவுத்தளத்தைச் சான்றாகக் கொண்டு, இம்மாற்றத்தின் அடிப்படைகளையும், அது வணிக மென்பொருளின் கட்டமைப்பிலும் பணியாளர்களின் திறன்களிலும் ஏற்படுத்தும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேகத்தை விடவும் கணிப்பு நிகழும் இடம் மாறியதே இதன் முதன்மைப் பயன் என்பதும், தாமதத்தை ஈடுசெய்யும் திறன்களின் இடத்தைத் தரவின் பொருளை அறியும் திறன் பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: நினைவகத் தரவுத்தளம், ஹானா, நெடுவரிசைச் சேமிப்பு, வணிகக் கணிமை, திறன் மாற்றம், பாடத்திட்டம்

1. முன்னுரை

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஐவர் 1972ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனமே எஸ்.ஏ.பி. அதன் மென்பொருள்களான ஆர்/2, ஆர்/3 ஆகியவற்றின் பெயரிலுள்ள ‘ஆர்’ என்னும் எழுத்து, நிகழ்நேரச் செயலாக்கத்தைக் குறிக்கும். துளை அட்டைகளைத் தொகுத்து இரவில் கணக்கிட்ட காலத்தில், பதிவு நிகழும் கணத்திலேயே கணக்கு புதுப்பிக்கப்படும் என்பது பெரிய உறுதிமொழியாக இருந்தது.

அவ்வுறுதிமொழி பதிவைப் பொறுத்தவரை நிறைவேறியது. பகுப்பாய்வைப் பொறுத்தவரை நிறைவேறவில்லை. ஒரு விற்பனைப் பட்டியலை உடனே பதியலாம். ஆனால், கடந்த மூன்றாண்டு விற்பனையைப் பொருள்வாரியாகவும் வட்டாரவாரியாகவும் ஒப்பிட்டுக் காண வேண்டுமெனில், பெரும்பாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த இடைவெளியின் காரணத்தை அறிந்தால்தான் நினைவகத் தரவுத்தளம் எதை மாற்றியது என்பது விளங்கும்.

2. வன்தட்டுக் காலக் கட்டமைப்பு

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிவினாடி ஆகும். வேண்டிய தரவு படிமுனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று தேவை. படிமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஓரிடத்திலுள்ள தரவை அடைய ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகிறது. முதன்மை நினைவகத்தில் இதே செயலுக்கு ஆவது ஏறத்தாழ 100 நானோவினாடி. இரண்டிற்குமான விகிதம் ஒன்றுக்கு ஒரு லட்சம்.

வணிகத் தரவுத்தளத்தின் பல கூறுகள் இவ்விடைவெளியைச் சமாளிக்கவே உருவாயின. வன்தட்டைக் குறைந்த முறை தொடுவதற்காகச் சுட்டிகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க, கூட்டுத்தொகைகள் முன்கூட்டியே கணக்கிடப்பட்டுத் தனி அட்டவணைகளில் சேமிக்கப்பட்டன. பகுப்பாய்வு வினவல்கள் அன்றாடப் பதிவைத் தடுக்காதிருக்க, தரவுக் கிடங்கு என்னும் தனி அமைப்பு எழுந்தது. பதிவு அமைப்பிலிருந்து தரவை எடுத்து, உருமாற்றி, கிடங்கில் ஏற்றும் பணி இரவுதோறும் நடந்தது. பரிவர்த்தனை, பகுப்பாய்வு என்னும் இருமைப் பகுப்பு வணிகத்தின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்ததன்று. வன்தட்டின் இயல்பும் அதற்குக் காரணமாகும்.

3. தோற்ற வரலாறு

நினைவகத்தில் தரவுத்தளம் அமைக்கும் எண்ணம் புதியதன்று. 1980களிலேயே இது குறித்த ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வகத்திலிருந்து 1996இல் தனி நிறுவனமாகப் பிரிந்த டைம்ஸ்டென், வணிக அளவில் இதனை முயன்றது. 2005இல் அதனை ஆரக்கிள் வாங்கியது. நெதர்லாந்தின் மோனெட்டிபி, அமெரிக்காவின் சி-ஸ்டோர் ஆகிய ஆய்வுத் திட்டங்கள் நெடுவரிசைச் சேமிப்பின் ஆற்றலை நிறுவின.

இவ்விரு போக்குகளையும் வணிகக் கணிமைக்காக இணைத்தவர்களுள் எஸ்.ஏ.பி.யின் நிறுவனர்களில் ஒருவரான ஹாசோ பிளாட்னர் குறிப்பிடத்தக்கவர். பரிவர்த்தனைக்கும் பகுப்பாய்வுக்கும் ஒரே நெடுவரிசை நினைவகத் தரவுத்தளம் போதும் என்னும் கருத்தை அவர் 2009ஆம் ஆண்டு சிக்மாட் மாநாட்டில் முன்வைத்தார். ஹானா 2010இல் அறிவிக்கப்பட்டு, 2011இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. முதலில் பகுப்பாய்வுக்கும், 2013 முதல் நிறுவனத்தின் வணிகத் தொகுப்பு முழுவதற்கும் அது அடித்தளமாயிற்று. 2015 பிப்ரவரியில் வெளியான எஸ்/4ஹானா, ஹானாவின் மீது மட்டுமே இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் ஆகியனவும் 2013, 2014 ஆண்டுகளில் தம் தரவுத்தளங்களில் நினைவகத் தொழில்நுட்பத்தைச் சேர்த்தன.

4. செயற்படும் முறை

4.1 நெடுவரிசைச் சேமிப்பு

மரபான தரவுத்தளம் ஓர் ஆவணத்தின் எல்லாப் புலங்களையும் அடுத்தடுத்துக் கிடைவரிசையாகச் சேமிக்கும். நெடுவரிசை முறையில் ஒரே புலத்தின் மதிப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் நிற்கும். நூறு புலங்களைக் கொண்ட அட்டவணையில் தொகை என்னும் ஒரு புலத்தைக் கூட்ட வேண்டுமெனில், கிடைவரிசை முறையில் மற்றப் புலங்களையும் கடந்தே செல்ல வேண்டும். நெடுவரிசை முறையில் அத்தொகைகளை மட்டும் தொடர்ச்சியாகப் படித்தால் போதும். செயலி தன் உள் நினைவகத்திற்கு ஒரு முறைக்கு 64 பைட்டுகளைக் கொண்டுவருமாயின், அவையனைத்தும் பயன்படுகின்றன.

4.2 அகராதிச் சுருக்கம்

ஒரு நெடுவரிசையில் மதிப்புகள் மீண்டும் மீண்டும் வரும். ஜெர்மனியில் 16 மாநிலங்கள் உள்ளன. 10 கோடிப் பதிவுகளில் மாநிலப் பெயரை ஒவ்வொன்றிற்கும் 24 பைட்டு ஒதுக்கி எழுதினால் 240 கோடி பைட்டுகள் தேவை. 16 பெயர்களையும் ஓர் அகராதியில் ஒருமுறை எழுதிவிட்டு, பதிவுகளில் அவற்றின் வரிசை எண்ணை மட்டும் குறித்தால், ஒவ்வொன்றிற்கும் 4 பிட்டுகள் போதும். மொத்தம் 5 கோடி பைட்டுகளே ஆகும். அதாவது 48இல் ஒரு பங்கு. பெருந்தரவு நினைவகத்தில் அடங்குவதற்கு நினைவகத்தின் விலை வீழ்ச்சி ஒரு காரணம். இச்சுருக்கம் மற்றொரு காரணம்.

4.3 எழுதுதலும் நீடிப்பும்

சுருக்கப்பட்ட நெடுவரிசையில் புதிய பதிவைச் செருகுவது கடினம். ஆகவே புதிய பதிவுகள் முதலில் டெல்டா என்னும் சிறு பகுதியில் எழுதப்பட்டு, பின்னர் முதன்மைப் பகுதியுடன் இணைக்கப்படுகின்றன. வினவல் இரு பகுதிகளையும் சேர்த்தே விடை தருகிறது.

மின்சாரம் நின்றால் நினைவகத்திலுள்ளது அழியும் என்பது இயல்பாக எழும் ஐயம். ஒவ்வொரு பரிவர்த்தனையும் முற்றுப்பெறும் முன் அதன் பதிவேடு நிலையான சேமிப்பில் எழுதப்படுகிறது. இயல்பு அமைப்பில் 300 வினாடிகளுக்கு ஒருமுறை நினைவகத்தின் மாறிய பகுதிகளும் சேமிக்கப்படுகின்றன. மீண்டும் தொடங்கும்போது கடைசிச் சேமிப்பிலிருந்தும் அதன் பின்னுள்ள பதிவேட்டிலிருந்தும் தரவு மீட்கப்படும். ஆக, நிலைச் சேமிப்பு நீங்கிவிடவில்லை. கணிப்பின் களமாக இருந்தது காப்பின் களமாகச் சுருங்கியது.

5. வணிக மென்பொருளின் கட்டமைப்பு மாற்றம்

பழைய அமைப்பில் ஒரு கணக்குப் பதிவு ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. பதிவு வரிகள் ஓர் அட்டவணையிலும், நிலுவையிலுள்ளவை, தீர்க்கப்பட்டவை என்பன சுட்டி அட்டவணைகளிலும், மாதக் கூட்டுத்தொகைகள் மற்றோர் அட்டவணையிலும் எழுதப்பட்டன. ஒரே கணக்கில் ஒரே மாதத்தில் இருவர் பதியும்போது, கூட்டுத்தொகை வரியைத் திருத்த ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டவணைகளுக்கிடையே முரண்பாடு எழாமலிருக்க ஒப்பீட்டுப் பணிகளும் தேவைப்பட்டன.

எஸ்/4ஹானாவில் நிதிக்கணக்கு, செலவுக்கணக்கு, சொத்துக்கணக்கு ஆகியவற்றின் வரிகள் அக்டோகா என்னும் ஒரே பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. முன்பு சேமிக்கப்பட்ட கூட்டுத்தொகைகள் கேட்கும் கணத்தில் கணக்கிடப்படுகின்றன. சரக்கிருப்பிலும் இவ்வாறே, பொருள் வரவு செலவு ஆவணங்களிலிருந்து இருப்பு கணக்கிடப்படுகிறது. நிதிப்பிரிவின் கணக்கும் செலவுப்பிரிவின் கணக்கும் வேறுபடுவதால் மாத இறுதியில் எழும் ஒப்பீட்டு உழைப்பு இதனால் பெரிதும் குறைகிறது. வேகம் இங்கே ஒரு வசதி. ஒரே உண்மையை ஒரே இடத்தில் வைத்திருக்க முடிவதே மாற்றம்.

6. திறன்களில் நிகழும் மாற்றம்

எஸ்.ஏ.பி.யின் நிரல்மொழியான அபாப்பில் பயின்றோர்க்கு, தரவுத்தளத்தைக் குறைவாக நாடுக என்பது பொதுவிதி. தரவைப் பயன்பாட்டுக் கணினிக்குக் கொண்டுவந்து, நினைவகத்து உள் அட்டவணையில் இட்டு, சுழற்சியால் கணக்கிடுவதே வழக்கம். ஹானா இதனைத் தலைகீழாக்கியது. 10 லட்சம் வரிகளை எடுத்துவந்து 500 வாடிக்கையாளர்களின் நிலுவையைக் கூட்டுவதற்குப் பதிலாக, கூட்டும் பணியைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்து 500 வரிகளை மட்டும் பெற வேண்டும். தரவைக் கணிப்பிடம் கொண்டுசெல்லாமல் கணிப்பைத் தரவிடம் கொண்டுசெல்லும் இம்முறைக்கு, எஸ்.க்யூ.எல். மொழியிலும் தரவுக் காட்சிகளை வடிவமைப்பதிலும் ஆழ்ந்த பயிற்சி தேவை. எல்லாப் புலங்களையும் எடுக்கும் பழைய பழக்கமும் இங்கே பொருந்தாது; நெடுவரிசையில் ஒவ்வொரு கூடுதல் புலத்திற்கும் தனி விலை உண்டு.

இம்மாற்றத்தின் இடரை ஒரு சான்று தெளிவாகக் காட்டும். பழைய தரவுத்தளங்களில் சில அட்டவணைகளின் பதிவுகள், வரிசைப்படுத்துமாறு கேட்காவிடினும் முதன்மைத் திறவின் வரிசையிலேயே கிடைத்தன. அவ்வழக்கத்தை நம்பிப் பல நிரல்கள் எழுதப்பட்டன: அடுத்தடுத்துள்ள இரட்டைப் பதிவுகளை நீக்குதல், இருகூறாக்கித் தேடுதல் ஆகியன வரிசை இருப்பதாகக் கொண்டே செயற்படும். ஹானாவில் கேட்காமல் வரிசை கிடைக்கும் என்னும் உறுதியில்லை. அந்நிரல்கள் பிழைச் செய்தி எதுவுமின்றி இயங்கி, தவறான விடையைத் தரக்கூடும். எஸ்.க்யூ.எல். நெறிப்படி, கேட்காத வரிசைக்கு உத்தரவாதம் எக்காலத்தும் இருந்ததில்லை. கொள்கையை அறிந்தவர் இப்பிழையைத் தேடிக் காண்பார். வழக்கத்தை மட்டும் அறிந்தவர் நிரல் இயங்குவதைக் கண்டு அமைதியடைவார்.

தரவுத்தள நிர்வாகியின் பணியும் மாறுகிறது. சுட்டி அமைத்தல், சேமிப்பிடப் பங்கீடு, இரவுநேர ஏற்றப் பணிகளின் கண்காணிப்பு ஆகியவற்றின் தேவை குறைகிறது. நினைவக அளவை மதிப்பிடுதல், டெல்டா இணைப்பைக் கண்காணித்தல், எத்தரவு நினைவகத்தில் இருக்கத் தகுந்தது என முடிவுசெய்தல் ஆகியன முன்வருகின்றன. இவற்றுள் கடைசிப் பணியைத் தொழில்நுட்ப அறிவால் மட்டும் செய்ய இயலாது. தணிக்கைக்கு எவ்வாண்டுத் தரவு வேண்டும் என்பதைக் கணக்குப் பிரிவினரிடம் கேட்டறியவேண்டும்.

7. வரம்புகள்

இத்தொழில்நுட்பம் எல்லாச் சூழலுக்கும் ஏற்றதன்று. நினைவகம் இன்றும் நிலைச் சேமிப்பை விட விலை மிக்கது. ஆகவே அரிதாகப் பயன்படும் தரவை நிலைச் சேமிப்பில் வைத்து, வேண்டும்போது மட்டும் ஏற்றும் வசதியை ஹானாவே பின்னாளில் சேர்த்துக்கொண்டது. சுழலும் உறுப்புகளற்ற திண்மநிலைச் சேமிப்புகள் பெருகியதால், பழைய ஒரு லட்சம் மடங்கு இடைவெளியும் சுருங்கியுள்ளது. மேலும், முன்பு பல தரவுத்தளங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்த வாடிக்கையாளர், எஸ்/4ஹானாவில் ஒரே நிறுவனத்தின் தரவுத்தளத்தைச் சார்ந்து நிற்க வேண்டியுள்ளது.

பழைய மென்பொருளுக்கான பராமரிப்பு 2025இல் முடியும் என்றிருந்த எல்லையை, எஸ்.ஏ.பி. 2020இல் 2027 இறுதிவரை நீட்டித்தது. கூடுதல் கட்டணத்துடன் 2030 வரையும் வாய்ப்பளித்தது. பல்லாண்டுகளாகச் சேர்ந்த தனிப்பயன் நிரல்களையும் பணி வழக்கங்களையும் மாற்றுவதற்குப் புதிய வன்பொருளை நிறுவுவதைவிட நெடுங்காலம் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

8. கற்பித்தலுக்கான கருத்துகள்

தரவுத்தளப் பாடநூல்கள் பல, ஒரு வினவலின் செலவை வன்தட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கையால் அளக்கின்றன. அக்கணக்கு தவறன்று, ஆயின் அது ஒரு குறிப்பிட்ட வன்பொருள் சூழலின் கணக்கு என்பது மாணவர்க்குச் சொல்லப்பட வேண்டும். கிடைவரிசைக்கும் நெடுவரிசைக்கும் ஒரே வினவலை எழுதி, படிக்கப்படும் பைட்டுகளை எண்ணச் செய்யும் எளிய பயிற்சி இதனை உணர்த்தும். அகராதிச் சுருக்கத்தைக் கையாலேயே செய்து பார்க்கலாம். இவற்றிற்கு ஹானா உரிமம் தேவையில்லை.

இரண்டாவதாக, இரட்டைப் பதிவு முறை, நிலுவை, சரக்கிருப்பு மதிப்பீடு ஆகிய கணக்கியல் அடிப்படைகள் கணினியியல் மாணவர்க்கும் தேவைப்படுகின்றன. கூட்டுத்தொகை முன்பே சேமிக்கப்பட்டிருந்த காலத்தில் அதன் பொருளை வடிவமைப்பாளர் ஒருவர் முடிவுசெய்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் அது கணக்கிடப்படும் இக்காலத்தில், எதை எதனுடன் கூட்டலாம் என்பதை வினவலை எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும்.

9. முடிவுரை

நினைவகத் தரவுத்தளம், வன்தட்டின் தாமதத்தை ஈடுசெய்ய எழுந்த சுட்டிகள், கூட்டுத்தொகை அட்டவணைகள், இரவுநேர ஏற்றங்கள் ஆகியவற்றின் தேவையைப் பெரிதும் குறைத்துள்ளது. அவற்றைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட திறன்கள் மதிப்பிழக்கின்றன. தொடர்புசார் தரவு மாதிரி, பரிவர்த்தனையின் முழுமை, கணக்கியல் நெறி ஆகிய அடிப்படைகளோ முன்னிலும் மதிப்புப் பெறுகின்றன. விரைவாகக் கிடைக்கும் விடை சரியான விடையா எனச் சோதிக்கும் பொறுப்பை எத்தரவுத்தளமும் ஏற்பதில்லை. அப்பொறுப்புக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்துவதே கல்வி நிறுவனங்களின் முன்னுள்ள பணியாகும்.