தரவுகளின் ஆயுள் – 9: எண்பது எழுத்து வரிகள்

காந்த நாடா எத்தனை ஆண்டு தாங்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். நாடா கெடாமலே இருக்கட்டும். அதில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த நிரல் இல்லையென்றால் என்ன பயன்? 1970-களில் வானியலாளர்களுக்கு இதுதான் அன்றாடத் தொல்லை. அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகம் எடுத்த ஒளிப்படத்தையும், நியூ மெக்ஸிகோவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி தந்த படத்தையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைத்தால், முதலில் நிரல் எழுத உட்கார வேண்டும். ஒரு கணினி 60 பிட்களை ஒரு சொல்லாகக் கொள்ளும், இன்னொன்று 36, வேறொன்று 32. பத்து நிறுவனங்கள் தங்களுக்குள் படங்களை மாற்றிக்கொள்ள 90 மாற்று நிரல்கள் தேவைப்படும். பொது வடிவம் ஒன்று இருந்தால் 20 போதும். எழுத ஒன்று, படிக்க ஒன்று.

அந்தப் பொது வடிவத்தை 1979-ல் வகுத்தவர்கள் கிட் பீக்கின் டான் வெல்ஸும், தேசிய ரேடியோ வானியல் ஆய்வகத்தின் எரிக் கிரைசனும். பெயர் ஃபிட்ஸ். நெதர்லாந்தில் பணியாற்றிய ஹார்ட்டனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1981-ல் வெளிவந்தது. மறு ஆண்டே சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு ஃபிட்ஸ் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் திறந்தாலே அதன் தலைப்பகுதியைப் படிக்கலாம். ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. அந்தக் காலத்துத் துளை அட்டையின் அகலம். முதல் வரி 'சிம்பிள் = டி'. இது விதிப்படி எழுதிய கோப்பு என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து 'பிட்பிக்ஸ் = 16', அதாவது ஒரு புள்ளிக்கு 16 பிட். பிறகு படத்துக்கு எத்தனை அச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம். அதற்கும் கீழே எந்தத் தொலைநோக்கி, எந்த நாள் என்ற விவரங்கள். கடைசியில் 'எண்ட்'. அதன் பிறகு வெறும் எண்கள்தான்.

இப்படி 36 வரி சேர்ந்தால் 2880 பைட். கோப்பு முழுவதும் இந்த அளவுக் கட்டங்களாகவே அடுக்கப்படுகிறது. 2880 பைட் என்றால் 23,040 பிட். அதை 60-ஆல் வகுங்கள், 36-ஆல் வகுங்கள், 32-ஆலோ 24-ஆலோ வகுங்கள், மீதி வராது. யாருடைய கணினியும் தன் இயல்பை விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத ஓர் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் எல்லாரும் இணங்கி வந்ததில் இந்தக் கரிசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

அதைவிடப் பெரிது ஒரு வாக்குறுதி: ஒரு முறை ஃபிட்ஸ் என்று ஏற்ற கோப்பு என்றைக்கும் ஃபிட்ஸ்தான். புதிய விதிகள் வரலாம். பழைய கோப்பு ஒன்றுகூடச் செல்லாததாகிவிடக் கூடாது. இதற்கு நிஜமான சோதனை தேதியில் வந்தது. தொடக்கத்தில் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதினார்கள், ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 2000 நெருங்கியதும் நான்கு இலக்க ஆண்டை முன்னால் வைக்கும் முறைக்கு மாறினார்கள். பழைய கோப்புகளில் யாரும் கைவைக்கவில்லை. இரண்டு இலக்கம் கண்டால் அது 1900-களின் ஆண்டு என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

வாக்கைக் காப்பாற்ற விலையும் கொடுத்திருக்கிறார்கள். விவரத்தின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற கெடுபிடி இளைய நிரலாளர்களைப் படுத்துகிறது. சிக்கலான விவரங்களுக்கென ஏஎஸ்டிஎஃப் என்ற புதிய வடிவம் வந்தது. ஆனாலும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் அது ஃபிட்ஸ் கோப்புக்கு உள்ளேயே ஒரு பகுதியாக வருகிறது. பழையதைத் தூக்கி எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை எண்ம வடிவுக்கு மாற்றியபோதும் ஃபிட்ஸாகவே சேமித்தார்கள். நூறாண்டுக்கு முந்தைய சூரியப் புள்ளிகளை, இன்றைய படத்தைப் படிக்கும் அதே நிரலில் ஒரு மாணவர் அளந்துவிடலாம். வத்திக்கான் நூலகமும் தன் கையெழுத்துப் பிரதிகளின் படங்களைக் காக்க இதே வடிவத்தைத்தான் தேர்ந்துகொண்டது.

மருத்துவமனை ஸ்கேன் படங்களுக்குப் பொது வடிவம் கிடைத்தது இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அங்கே கருவிகளை விற்கும் நிறுவனங்களை முதலில் ஒரே மேசைக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. 1985-ல் முதல் வடிவம் வந்தும், டைகாம் என்ற பெயரில் நிலைபெற 1993 ஆனது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)