உஷார்! எலியின் கடிகாரத்தை நம்பி ‘கரண்ட்’ நேரத்தை மாற்றாதீர்கள்

காலையில் கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு 85 சதவீத முடி கொட்டிப்போனது. அதே அளவு மாலையில் பட்ட எலிகளுக்குக் கொட்டியது 17 சதவீதம்தான். 2013இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு இது. படித்த கையோடு, ‘புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கும் அம்மாவுக்கும் சாயங்காலமே கரண்ட் வைக்கச் சொல்லலாமே’ என்று கிளம்புகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

செய்தி பொய்யில்லை. எலியின் மயிர்க்கால் செல்கள் காலையில்தான் மும்முரமாகப் பிளக்கின்றன. பிளக்கிற நேரத்தில் கதிர்வீச்சு பட்டால் செல் சுலபமாகச் செத்துவிடும். அதற்கு இரண்டு வருடம் முன்பே விஞ்ஞானி அஸீஸ் சன்ஜாரின் குழு புற ஊதாக் கதிரை வைத்து இன்னொன்றைக் காட்டியிருந்தது: மாலை 4 மணிக்குக் கதிர் பட்ட எலிகளைவிட, விடியற்காலை 4 மணிக்குப் பட்டவற்றுக்கு ஐந்து மடங்கு தோல் கட்டிகள். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலை எலிக்கு விடியற்காலையில் மந்தம். (டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆராய்ச்சிக்காகத்தான் 2015இல் சன்ஜாருக்கு நோபல் பரிசு.)

ஆனால் எலி ராத்திரி ஜீவன். நாம் குறட்டை விடும்போது அது இரை தேடி ஓடுகிறது. அதன் மாலை நம் மாலை ஆகாது. மனிதருக்குக் கணக்கு தலைகீழாக இருக்கலாம் என்று சன்ஜார் குழுவே சொன்னது.

சரி, மனிதர்களிடமே பார்த்தால்? லக்னோவில் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த 229 பெண்களில், காலைப் பிரிவில் 87 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. மாலைப் பிரிவில் 68. ‘அப்போ மாலைதான்!’ என்று துள்ளவேண்டாம். அதே ஊரில் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் கடுமையான வாய்ப்புண் காலைப் பிரிவில்தான் குறைவாகத் தெரிந்தது. அதுவும் அடித்துச் சொல்லுமளவு வித்தியாசம் இல்லை. குடலுக்கு ஒரு நேரம், வாய்க்கு ஒரு நேரம். எதை நம்பி மெஷின் நேரத்தை மாற்றுவீர்கள்?

பிடித்த நேரம் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவதுதான் பெரிய விபரீதம். இந்தப் புற்றுகளில் இடையில் விடுபடும் நாட்களில் மிஞ்சிய புற்றுச் செல்கள் மறுபடி பெருகிவிடும். கொடுத்த நேரத்துக்குப் போய்விடுங்கள். மாற்றியே ஆகவேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு, ஒரு நாளும் விடுபடாமல் மாற்றுங்கள். வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாவிட்டாலும், வயிறு நிற்காமல் போனாலும் வீட்டில் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே சொன்னால் மருந்து தருவார்கள்.